அம்புத் தண்டு: மரத்திலிருந்து காபன் நாரிழை வரை

வில்லாண்மையைப் போற்றுவோர் வில்லின் வலிமையையும் வில்லாளனின் கண்ணையுமே பெரிதும் பேசுவர். ஆயினும் இலக்கைச் சென்றடைவது அம்பே. ஒரே வில்லிலிருந்து எய்யப்படும் பல அம்புகள் ஓரிடத்தைச் சேரவேண்டுமாயின் அவை ஒத்த நிறையும் ஒத்த விறைப்பும் உடையனவாதல் வேண்டும். அம்புத் தண்டின் வரலாறு இவ்வொப்புமையைத் தேடிய வரலாறே எனலாம்.

1991ஆம் ஆண்டில் அல்ப்ஸ் மலைப் பனியிற் கண்டெடுக்கப்பட்ட, ஏறத்தாழ 5300 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதனின் அம்பறாத்தூணியில் 14 தண்டுகள் இருந்தன. அவற்றுள் இரண்டே முற்றுப்பெற்ற அம்புகள். அவற்றின் இறகுகள் மரப்பிசினால் ஒட்டப்பட்டு நூலாற் சுற்றப்பட்டிருந்தன; ஒன்றின் முற்பகுதி வேறொரு மரத்தாற் செய்து பொருத்தப்பட்டிருந்தது. தண்டின் இயல்பு அம்பின் போக்கைத் தீர்மானிக்கும் என்பதை அக்கைவினைஞர் அனுபவத்தால் அறிந்திருந்தனர் என்று கருதுவது பொருந்தும்.

அவ்வனுபவத்தின் காரணம் இருபதாம் நூற்றாண்டிலேயே புலனாயிற்று. அம்பு வில்லின் ஒரு பக்கத்தில் அமைந்திருக்க, நாணோ வில்லின் நடுவை நோக்கி மீள்கின்றது. எனவே அம்பு பக்கவாட்டில் விலகவேண்டும்; ஆனால், நேரே செல்கின்றது. இம்முரணை 'வில்லாளர் புதிர்' என றொபேட் எல்மர் குறிப்பிட்டார். 1930களில் பௌதிகவியலாளர் கிளாரன்ஸ் ஹிக்மன் அதிவேக ஒளிப்படங்களின் துணையுடன் இதனை ஆராய்ந்தார். அம்பு வளைந்து நெளிந்து வில்லைச் சுற்றிக்கொண்டு செல்வது அப்படங்களில் தெளிவாயிற்று. மிகுந்த விறைப்பும் மிகுந்த நெகிழ்வும் ஒருங்கே குறையாதல் இதனாலேயே.

காரணம் தெரிந்தபின் அளவீடு பிறந்தது. இன்றைய முறையில், 28 அங்குல இடைவெளியுள்ள இரு தாங்கிகளில் தண்டைக் கிடத்தி, நடுவில் 1.94 இறாத்தல் நிறையைத் தொங்கவிடுவர். தண்டு அரை அங்குலம் தாழ்ந்தால் அதன் எண் 500. எண் குறையக் குறைய விறைப்பு மிகும்.

மரம் இவ்வளவீட்டுக்கு எளிதில் இணங்கவில்லை. ஒரு மரத்துத் தண்டுகளே தம்முள் வேறுபட்டன. 1922இல் மர அம்புகளைச் செய்யத் தொடங்கிய அமெரிக்கரான ஈஸ்ரன், 1939இல் அலுமினியக் குழாயை நாடினார். ஒப்புமை கிட்டியது, ஆனால், வளைந்த குழாய் தானாக நிமிரவில்லை. 1960களில் ஜப்பானிலும் இங்கிலாந்திலும் நடைபெற்ற ஆய்வுகள் வலிமைமிக்க காபன் நாரிழையைத் தந்தன. 1980களில் அலுமினியக் குழாயின்மேல் காபன் நாரிழை போர்த்திய அம்புகள் போட்டிக்களம் புகுந்தன. காபன் தண்டு வளைந்து மீளும்; அன்றேல் முறியும். ஆதலால் எய்யுமுன் அதனை மெல்ல வளைத்து வெடிப்புண்டோ எனச் சோதித்தல் இன்றியமையாதது.

எனினும், பட்டியலிலுள்ள எண் மட்டும் போதுவதில்லை. தண்டைக் குறுக்கினால் அதன் விறைப்பு கூடும்; முனையின் நிறையை ஏற்றினால் அம்பு நெகிழ்வாக நடந்துகொள்ளும். ஆதலின் இறகுள்ள அம்பையும் இறகற்ற தண்டையும் ஒருங்கே எய்து, அவை தைக்கும் இடங்களை ஒப்பிட்டுத் திருத்துவர். வலக்கை வில்லாளனின் இறகற்ற தண்டு வலப்புறம் விலகின் அது நெகிழ்வு மிக்கது. இடப்புறம் விலகின் விறைப்பு மிக்கது.

தொழில்நுட்ப வரலாற்றை மூலப்பொருள்களின் வரிசையாக மட்டும் எழுதுவோர் இதனைக் காணத் தவறுவர். பொருள் மாறிற்று, அளவீடு நுட்பமாயிற்று, எய்து பார்த்துத் திருத்தும் கைவினை மட்டும் மாறவில்லை. பழைய கைவினைஞனை அறியாதவன் என ஒதுக்குதல் வரலாற்று நோக்காகாது.