நேஷனல் கேலரி ஓவியங்களும் கண்ணாடிக் காப்பும்

நேஷனல் கேலரி என்பது லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் அமைந்துள்ள ஓவியக் காட்சியகம் ஆகும். 1824இல் 38 ஓவியங்களுடன் தொடங்கப்பட்டு, 1838இல் இப்போதுள்ள கட்டடத்துக்கு வந்தது. அனுமதி இலவசம். இங்கிருந்த எண்ணெய் வண்ண ஓவியங்களுக்குக் கண்ணாடி இட்டுச் சட்டமிடலாமா என்பது 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நாடாளுமன்றம் வரை சென்ற விவகாரம். தூசியைப் பற்றிய பேச்சாகத் தொடங்கிய அது, ஓவியங்களை யார் பார்க்கலாம் என்ற கேள்வியில் போய் நின்றது.

புகையும் கூட்டமும்

நீர்வண்ண ஓவியங்களையும் அச்சுப் படங்களையும் கண்ணாடிக்குள் வைப்பது பழைய வழக்கம். எண்ணெய் ஓவியத்துக்கு அப்படியில்லை. மேலே பூசும் வார்னிஷே அதற்குப் போதிய காப்பு என்று கருதப்பட்டது. நிலக்கரி எரித்த லண்டனில் அந்தக் கணக்கு பொய்த்தது. காட்சியகத்தின் அருகிலேயே பொதுக் குளியல், சலவை நிலையத்தின் புகைபோக்கி இருந்தது. சதுக்கத்து நீரூற்றுகளை இயக்கிய நீராவி இயந்திரமும் தன் பங்குக்குப் புகை கக்கியது. கரித்தூள் வார்னிஷில் ஒட்டிப் படங்கள் கருத்தன. கழுவினாலோ வேறு வம்பு. 1846இல் சில ஓவியங்களைச் சுத்தம் செய்தபோது, அவை பாழாகிவிட்டன என்று செய்தித்தாள்களில் கண்டனம் எழுந்தது. காப்பாளராக இருந்த சார்லஸ் ஈஸ்ட்லேக் அடுத்த ஆண்டு பதவி விலகினார்.

1850இல் நாடாளுமன்றக் குழு ஒன்று இதை விசாரித்தது. மழைக்கு ஒதுங்குவோர், இராணுவ இசையைக் கேட்கக் கூடி அப்படியே உள்ளே நுழைவோர், குழந்தைகளோடு வருவோர் என அங்கு கூடிய மக்கள் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டனர். அப்போதைய காப்பாளர் தாமஸ் யூவின்ஸ் ஒரு காட்சியை விவரித்தார். கிராமத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் நாற்காலிகளை இழுத்துப் போட்டு, கூடையைத் திறந்து சாப்பிடத் தொடங்கியது. அவர் தடுக்கப் போனபோது, கோபிக்காமல் அவருக்கும் ஒரு கோப்பை ஜின் நீட்டினார்கள்! காலடித் தூசி, ஈர உடை, மூச்சுக் காற்று எல்லாம் சேர்ந்து ஓவியங்களைக் கெடுக்கின்றன என்பதே குற்றச்சாட்டு.

கண்ணாடியின் வேலை

அதே ஆண்டு ஈஸ்ட்லேக், அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடே, வில்லியம் ரசல் ஆகிய மூவரும் கண்ணாடிக் காப்பு பற்றி அறிக்கை அளித்தனர். கண்ணாடி மீதான வரி 1845இலேயே நீக்கப்பட்டிருந்ததால் செலவும் முன்புபோல் எட்டாததாக இல்லை.

ஆனால் முன்னால் கண்ணாடி வைத்தால் மட்டும் தூசி நின்றுவிடாது. பகலில் அறை சூடேறும்போது சட்டத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து வெளியேறும். இரவில் குளிரும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். மரம் சுருங்கி விட்ட இடுக்குகளின் வழியே அந்தக் காற்றோடு நுண்தூசியும் புகும். நெய்த துணியான கான்வாஸின் பின்புறமும் திறந்த வழிதான். ஆகவே கண்ணாடி பதியும் பள்ளத்தின் விளிம்பை அடைப்பதும் பின்புறத்தை மூடுவதும் கண்ணாடி அளவுக்கே முக்கியம். கண்ணாடி ஓவியத்தைத் தொடாமல் சிறு இடைவெளியும் வேண்டும். உட்புறத்தில் ஒரு துகள் தங்கிவிட்டால் சட்டத்தையே பிரித்தாக வேண்டும்.

காட்சியகத்தையே புகையில்லாத கென்சிங்டனுக்கு மாற்றலாம் என்ற யோசனையும் வலுத்தது. 1857இல் இதை ஆராய்ந்த ஆணையத்தில் ஃபாரடேயும் இருந்தார். நகர நடுவிலிருந்து ஓவியங்களை அகற்றினால் அவை நீண்ட நாள் இருக்கலாம், ஆனால் மக்களுக்கு இன்பம் தருவதற்காகத்தானே அவை சேர்க்கப்பட்டன என்று நீதிபதி கோலரிட்ஜ் ஆணையத்துக்கு எழுதினார். இந்த வழக்கில் மிகத் தெளிவான வாதம் அவருடையதுதான். ஆணையம் டிரஃபால்கர் சதுக்கத்தையே தேர்ந்தது. ஓவியங்களும் கூட்டமும் ஒரே கூரையின்கீழ் நீடிக்கக் கண்ணாடி வழிசெய்தது. நூற்றாண்டின் இறுதிக்குள் பெரும்பாலான ஓவியங்கள் கண்ணாடிக்குப் பின்னால் சென்றன.

இதற்கும் விலை இருந்தது. இருண்ட ஓவியத்தின் முன் நின்றவருக்குத் தன் முகமே தெரிந்தது. 1914இல் பெண் வாக்குரிமைப் போராளி மேரி ரிச்சர்ட்சன் வெலாஸ்கெஸின் வீனஸ் ஓவியத்தை வெட்டியபோது, முதலில் நொறுங்கியது இந்தக் கண்ணாடிதான்.

இரண்டாம் உலகப் போரில் ஓவியங்கள் வேல்ஸில் உள்ள மானோட் சிலேட்டுச் சுரங்கத்தில் பாதுகாக்கப்பட்டன. அங்கே வெப்பமும் ஈரமும் சீராக இருந்ததால் அவை நல்ல நிலையிலேயே இருந்தன. அந்த அனுபவத்தைக் கொண்டு, போருக்குப் பின் காட்சியகத்தின் அறைகளுக்குள் வரும் காற்றையே வடிகட்டத் தொடங்கினர். அதன் பிறகே பல ஓவியங்களிலிருந்து கண்ணாடி கழற்றப்பட்டது.