விற்பனையா, வாடகையா? சினிமாவின் முதல் கணக்கு

சினிமாவின் ஆரம்ப காலம் என்றால் கேமராவைக் கண்டுபிடித்தவர்களைப் பற்றித்தான் பேசுவோம். வணிகவியல் படித்து, வங்கியில் பேரேடு பார்த்தே ஓய்வு பெற்ற எனக்கு அதன் வரவு செலவுதான் முதலில் கண்ணில் படும். அந்தக் கணக்கில் அடிபட்டவர் பிரான்ஸ் நாட்டு ஜார்ஜ் மெலியே.

1895 டிசம்பர் 28 அன்று பாரீஸில் கிராண்ட் கஃபேயின் கீழ்த்தளத்தில் லூமியே சகோதரர்கள் படம் காட்டினார்கள். ஆளுக்கு ஒரு ஃபிராங்க் கட்டணம். அன்று காசு கொடுத்துப் பார்த்தவர்கள் 33 பேர்தான். அழைப்பின் பேரில் வந்திருந்தார் மெலியே. அப்பாவின் காலணித் தொழிலில் தனக்கிருந்த பங்கை விற்று, 1888-இல் ஒரு மேஜிக் அரங்கத்தையே வாங்கியவர் அவர். லூமியே கருவியை விலைக்குக் கேட்டார், கிடைக்கவில்லை. லண்டனில் வேறொரு கருவி வாங்கி, அதை வைத்துத் தானே கேமரா செய்துகொண்டார். பாரீஸை ஒட்டிய மோந்த்ராயில் கண்ணாடிக் கூரை போட்ட ஸ்டூடியோ கட்டினார். 1912 வரை 500-க்கும் மேற்பட்ட குறும்படங்கள் எடுத்தார். 1902-இல் வந்த ‘நிலவுப் பயணம்’ பல நாடுகளில் ஓடியது.

ஆனால் அன்று படங்களை மீட்டர் கணக்கில் துணி விற்பதுபோல விற்றார்கள். வாங்கியவர் சுருள் தேயும்வரை திருவிழாக் கொட்டகைகளில் ஓட்டுவார். பிறகு இன்னொருவருக்கு விற்பார். எடுத்தவருக்கு வரவு ஒரே ஒரு முறைதான். அமெரிக்காவில் போட்டிக் கம்பெனிகள் நகலெடுத்தும் விற்றன. அதைத் தடுக்க 1903-இல் அண்ணனை நியூயார்க்குக்கு அனுப்பி அலுவலகம் திறக்க வேண்டியிருந்தது.

1907-இல் பாத்தே நிறுவனம் விற்பனையை நிறுத்தி, படங்களை வாடகைக்கு விடத் தொடங்கியது. வீட்டை விற்பதற்கும் வாடகைக்கு விடுவதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியாததா! சொத்து கையில் இருக்கும், வருமானமும் வந்துகொண்டே இருக்கும். ஆனால் வாடகை சிறுகச் சிறுகத்தான் வரும். அதுவரை தாங்க முதல் வேண்டும். பாத்தேயிடம் பெரிய தொழிற்சாலையே இருந்தது. கதை, நடிப்பு, திரைச்சீலை எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொண்ட மெலியேயிடம் அந்த வசதி இல்லை. கடைசியில் பாத்தேயிடமே சொத்தை அடமானம் வைத்துப் பணம் வாங்கினார். அந்தப் படங்கள் ஓடவில்லை.

முதல் உலகப் போரில் அவருடைய படச்சுருள்கள் பல உருக்கப்பட்டு, சிப்பாய்களின் பூட்ஸுக்குக் குதிகால் ஆயின. காலணிக் காசில் தொடங்கிய வாழ்க்கைக்கு இப்படி ஒரு திருப்பம். 1923-இல் ஸ்டூடியோவும் கைவிட்டுப் போனபோது, மனம் வெறுத்து நெகட்டிவ்களை எரித்துவிட்டார். மோம்பர்னாஸ் ரயில் நிலையத்தில் பொம்மைக் கடையில் உட்கார்ந்தார். 1931-இல் பிரான்ஸ் அரசு விருது கொடுத்தது, 1938-இல் காலமானார்.

இன்று சுமார் 200 படங்கள் மிஞ்சியிருக்கின்றன. எப்படி? அவர் விற்றுவிட்ட பிரதிகள் ஊர் ஊராக யார் யார் வீட்டிலோ கிடந்தன. அவற்றில் பல பின்னாளில் கிடைத்தன. நஷ்டக் கணக்கில் எழுதிய விற்பனைதான் கலையைக் காப்பாற்றியது. சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த, தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான ‘கீசக வத’த்துக்கு ஒரு பிரதிகூட இன்று இல்லை.

நம் வீட்டுப் பரணிலும் கல்யாண வீடியோ கேசட்டுகள் பூஞ்சை பிடித்துக் கிடக்கும். இந்த மாதமே எடுத்துப் பிரதி போடுங்கள். ஒன்றை உங்களிடம் வைத்துக்கொண்டு, மற்றதை உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.