சிங்கியின் சிலம்பு

தென்காசியில் பஸ் ஏறிக் குற்றாலத்துக்குப் போகிறவர்கள் யாரும் மேலகரத்தில் இறங்குவதில்லை. சென்ற சாரலின்போது நான் இறங்கினேன். பையில் துண்டும் எண்ணெய்ப் புட்டியும், கூடவே கனமான ஓர் ஆங்கிலப் புத்தகமும் இருந்தன.

திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர் இது. அவருடைய குற்றாலக் குறவஞ்சியில் மகிழ்ந்து மதுரை நாயக்கர் முத்து விஜயரங்க சொக்கநாதர் (1706–1732) நிலம் மானியம் விட்டார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்று பெயர். எனக்குச் சரித்திரம் சொல்லித் தந்த வாத்தியாருக்கு மானியம்தான் சரித்திரம்; பாட்டு வெறும் கற்பனை. கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். அந்தத் தீர்ப்பு வெகுநாள் மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது.

பையிலிருந்தது 'டெக்ஸ்சர்ஸ் ஆஃப் டைம்'. வெல்சேரு நாராயண ராவ், டேவிட் ஷுல்மன், சஞ்சய் சுப்ரமணியம் ஆகிய மூவரும் சேர்ந்து எழுதி 2001-இல் வந்தது. 1600-க்கும் 1800-க்கும் இடையே தென்னாட்டார் சரித்திரம் எழுதத்தான் செய்தார்கள் என்கிறார்கள் இவர்கள். தனியாகச் 'சரித்திரம்' என்று தலைப்பிடாமல், அந்தந்தக் காலத்தில் செல்வாக்கோடு இருந்த இலக்கிய வடிவத்திலேயே எழுதினார்களாம். எது நடந்தது, எது புனைந்தது என்பது நடையின் இழையிலேயே அக்காலத்து வாசகனுக்குத் தெரிந்துவிடுமாம். 1714-இல் செஞ்சியில் போரிட்டு மாண்ட தேசிங்கு ராஜனின் கதையையும் அப்படித்தான் பார்க்கிறார்கள். கவிராயருக்கு அது சமகாலத்துச் சங்கதி!

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து குறவஞ்சியை நினைத்துப் பார்த்தேன். பிரிந்திருந்த சிங்கியைக் கண்ட சிங்கன், அவள் மேனியில் கிடக்கும் புது நகைகளைப் பார்த்து மிரளுகிறான். இது என்ன, அது என்ன என்று கேட்கிறான். இன்ன சீமையில் குறி சொன்னேன், இன்ன நகை கொடுத்தார்கள் என்று அவள் அடுக்குகிறாள். இத்தனை நாளும் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன். குறி சொல்லி ஊர் ஊராக அலைந்த ஒருத்தியின் வரவுக் கணக்கு இது என்று அன்றுதான் பட்டது. மானியச் சாசனத்தில் நாயக்கர் இருப்பார். சிங்கி இருக்க மாட்டாள்.

ஒரு சண்டை மட்டும் உண்டு. இழை பார்க்கக் காது வேண்டுமே! முந்நூறு ஆண்டுக்கு முந்திய காது நமக்கு எங்கே இருக்கிறது? சிங்கனின் மிரட்சியில் எவ்வளவு கேலி, எவ்வளவு நிஜம் என்று நான் எப்படிச் சொல்ல? மூன்று பண்டிதர்களும் தங்கள் காதை நம்பிவிடுகிறார்கள். எனக்கு அவ்வளவு துணிச்சல் வரவில்லை.

தூறல் வலுத்தது. புத்தகத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கு எழுந்தேன்.