ஒரே முறைக்குள் கை மாறி அடிக்கலாமா? பேஸ்போல் விதி சொல்வது என்ன

ரொறொன்ரோவில் இருக்கும் அண்ணாவின் பேரனுக்குப் பன்னிரண்டு வயது. பேஸ்போல் ஆடுகிறான். இரண்டு பக்கமும் நின்று அடிப்பான். போன மாதம் ஓர் ஆட்டத்தில் பந்து வரப்போகும் நேரத்தில் ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கம் பாய்ந்திருக்கிறான். அடிக்கும் முன்பே நடுவர் ஆட்டமிழப்புக் கொடுத்துவிட்டார். பிள்ளை அழுதுகொண்டு வந்திருக்கிறான். 1995 இடப்பெயர்வோடு ஊரை விட்ட அண்ணாவுக்குத் தெரிந்தது கிரிக்கெட் மட்டும். இரவு எனக்கு அழைத்து, "தம்பி, நீ விளையாட்டுச் செய்தி எழுதுறனி தானே, உது சரியோ?" என்று கேட்டார். எனக்கும் தெரியாது. பிறகு தேடிப் படித்ததை இங்கே தருகிறேன். பேரப்பிள்ளைகளின் ஆட்டத்தைத் தொலைபேசித் திரையில் விளங்காமல் பார்த்துக்கொண்டிருப்பவர் அண்ணா மட்டுமல்லவே.

பேஸ்போலில் ஹோம் பிளேட்டின் இரு பக்கமும் சுண்ணாம்புக் கோட்டால் இரண்டு பெட்டிகள் வரைந்திருப்பார்கள். ஒவ்வொன்றும் நான்கு அடி அகலம், ஆறு அடி நீளம். ஒன்று வலக்கை ஆட்டக்காரருக்கு, மற்றது இடக்கைக்காரருக்கு. எந்தப் பெட்டியில் நிற்பது என்பது அடிப்பவரின் விருப்பம். ஒரே முறைக்குள், இரண்டு ஸ்டிரைக் விழுந்த பின்னரும்கூட, அடுத்த பந்துக்கு முன் அவர் பக்கம் மாறலாம். ஸ்டிரைக் கணக்கு அப்படியே தொடரும். தடை ஒன்றுதான்: பிட்சர் எறியத் தயாராக நின்றுவிட்ட பிறகு பெட்டி மாறினால் ஆட்டமிழப்பு. விதிநூலில் இது 6.03 ஆம் பிரிவில் இருக்கிறது.

ஏன் மாறுகிறார்கள்? வலக்கைப் பிட்சரின் வளைபந்து வலக்கை ஆட்டக்காரரை விட்டு விலகிப் போகும். இடப்பக்கம் நின்றால் அதே பந்து உள்ளே வரும், கண்ணுக்கும் நன்றாகத் தெரியும். முதல் பேஸுக்கும் ஓரிரு அடி கிட்ட. மிக்கி மான்டில் இப்படி இரு பக்கமும் அடித்து 536 ஹோம் ரன் எடுத்தவர். ஆனால் எதிரே நிற்கும் பிட்சர் எந்தக் கையால் எறிவார் என்பது முன்பே தெரியுமாதலால், ஒரு முறையின் நடுவில் மாறுவது அரிது.

பிட்சரும் இரு கைக்காரர் என்றால்? 2008 ஜூன் 19 அன்று நியூயோர்க்கில் ஒரு சிறு லீக் ஆட்டத்தில் அதுவும் நடந்தது. இரு கையாலும் எறியும் பற் வெண்டிற்றிக்கு எதிரே இரு பக்கமும் அடிக்கும் ரால்ப் ஹென்ரிக்கஸ். இவர் பெட்டி மாற, அவர் கையுறையை மாற்ற, அவர் மாற்ற, இவர் திரும்ப மாற, பந்து எறிபடவே இல்லை. கடைசியில் நடுவர்கள் கூடிப் பேசவேண்டி வந்தது. ஹென்ரிக்கஸ் வலக்கையால் அடிக்க நின்று, வலக்கை எறிதலிலேயே ஆட்டமிழந்தார்.

அதன் பின் வந்த விதிப்படி பிட்சர்தான் முதலில் கையைக் காட்டவேண்டும். அந்த ஆட்டக்காரரின் முறை முடியும்வரை, காயம் போன்ற காரணம் இல்லாமல் அவர் கை மாற்ற முடியாது. அடிப்பவருக்கு அந்தக் கட்டு இல்லை. எனக்கு இது நியாயமாகவே படுகிறது. யாராவது ஒருவர் முதலில் நிற்கத்தானே வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், அதே வாரம்தான் கிரிக்கெட்டிலும் இந்த வாதம் எழுந்தது. ஜூன் 15 இல் கெவின் பீற்றர்சன் நியூஸிலாந்தின் ஸ்கொட் ஸ்டைரிஸின் பந்துக்குக் கை மாறி இரண்டு சிக்ஸர் அடித்தார். இரண்டு நாளில் எம்.சி.சி. அது சட்டப்படி சரி என்றது. ஆனால் பந்துவீச்சாளர் கை மாற்றுவதென்றால் நடுவருக்குச் சொல்லியே ஆகவேண்டும், சொல்லாவிட்டால் நோபோல். எங்கள் கமிந்து மெண்டிஸ் இரு கையாலும் வீசும்போது செய்வதும் அதுதான். அதாவது கிரிக்கெட்டில் பந்துவீச்சாளர் ஓடி வரும்போதே துடுப்பாட்ட வீரர் மாறலாம்; பேஸ்போலில் அந்த நேரத்தில் மாறினால் வெளியே.

அண்ணாவுக்கு இதைச் சொன்னேன். "அப்ப நடுவர் சரிதான்" என்றார் கொஞ்சம் ஏமாற்றத்தோடு. பின்னால் நின்ற பேரன் தொலைபேசியைப் பறித்து, பிட்சர் பலகையில் ஏறும் முன் மாறினால் பிழையில்லையா என்று கேட்டான். பிழையில்லை என்றேன்.