இலங்கையின் காபி காலம்: ஒரு செடி, ஒரு பூஞ்சை, ஒரு வங்கி

1869ஆம் ஆண்டு இலங்கையில் இரண்டு விஷயங்கள் நடந்தன.

ஒன்று, ஆபிரகாம் ஜோசப் என்பவர் எழுதிய 'கோப்பி கிருஷிக் கும்மி' வெளிவந்தது. காபிச் செடியைப் பயிர் செய்வதைப் பற்றிக் கும்மிப் பாட்டாகவே எழுதப்பட்ட தமிழ்ப் புத்தகம். (இலங்கைத் தமிழில் காபி என்றால் கோப்பி.) இரண்டாவது, மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் சில காபி இலைகளின் அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு தூள் தென்பட்டது.

செடியை வளர்ப்பதைப் பற்றிய பாட்டும், செடியை அழிக்க வந்த நோயும் ஒரே வருஷத்தில்! அடுத்த இருபது வருஷத்துக்குள் இலங்கை மலைநாட்டில் காபி கிட்டத்தட்ட காணாமல் போய்விட்டது. இன்று 'சிலோன்' என்றாலே டீதான் நினைவுக்கு வருகிறது. அதற்கு முன்னால் அங்கே ஒரு காபி சாம்ராஜ்யம் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது.

செடியும் அதன் வளர்ப்பும்

காபி பார்க்க அழகான செடி. பளபளவென்று கரும்பச்சை இலைகள். மழை பெய்த சில நாளில் கிளை முழுக்க வெள்ளை வெளேர் என்று பூக்கும். பார்ப்பதற்கும் வாசத்துக்கும் மல்லிகை மாதிரியே இருக்கும். இரண்டு மூன்று நாளில் பூ வாடிவிடும். அதற்குப்பின் காய் பிடித்துப் பழுத்துச் சிவக்க எட்டு ஒன்பது மாதம் ஆகும்.

தன் போக்கில் விட்டால் அராபிகா காபி பதினைந்து அடிக்கு மேல் வளரும். தோட்டத்தில் அப்படி விடமாட்டார்கள். மூன்று நான்கு அடி உயரத்தில் நுனியை வெட்டிவிடுவார்கள். பிறகு செடி பக்கவாட்டில்தான் படர வேண்டும். பழமும் கைக்கு எட்டும், காற்றுக்கும் செடி சாயாது. தண்டிலிருந்து நேர்மேலே கிளம்பும் வேண்டாத துளிர்களை அவ்வப்போது கிள்ளி எறிய வேண்டும். அறுவடை முடிந்ததும் கவாத்து, நடுநடுவே களையெடுப்பு, எரு போடுதல். ஆறடிக்கு ஆறடி இடைவெளி என்றால் ஒரு ஏக்கரில் 1,210 செடிகள். ஒவ்வொன்றையும் ஒரு ஆள் கையால் தொட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

இந்த முறை இலங்கையில் கண்டுபிடிக்கப்பட்டது அல்ல. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்தது. ஜமைக்காவில் தொழில் கற்ற ராபர்ட் பாய்ட் டைட்லர் 1837இல் இலங்கைக்கு வந்து அதைப் பரப்பினார். தோட்டக்காரர்கள் கையில் வைத்திருந்த புத்தகம் 1798இல் வெளிவந்த லபோரி என்பவருடையது. இன்றைய ஹைட்டியான செயின்ட் டொமிங்குவில் காபி பயிரிட்டவர் அவர். அதாவது, அடிமைகளை வைத்து நடந்த தோட்டங்களின் அனுபவம்தான் இலங்கைக்குப் பாடப்புத்தகமாக வந்தது.

லாபக் கணக்கு

டச்சுக்காரர் காலத்திலேயே இலங்கையில் காபி உண்டு. ஆனால் பெரிய தோட்டமாக அது வளர்ந்தது ஆங்கிலேயர் காலத்தில். 1820களில் கம்பளை அருகே ஜார்ஜ் பேர்ட் தோட்டம் போட்டார். கவர்னராக இருந்த எட்வர்ட் பார்ன்ஸே பேராதனை அருகே கன்னொறுவையில் காபி நட்டார். கவர்னரே தோட்ட முதலாளி!

உண்மையான ஏற்றம் வந்தது 1830களில்தான். 1834இல் பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை சட்டப்படி முடிவுக்கு வந்தது. அங்கே காபி விளைச்சல் சரிந்தது. 1835இல் பிரிட்டன் இறக்குமதி வரியைச் சமமாக்கியது. அதுவரை மேற்கிந்தியக் காபிக்கு இருந்த சலுகை போயிற்று. அடுத்து 1840ஆம் ஆண்டின் நிலச் சட்டம். உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காடும் தரிசும் அரசுக்குச் சொந்தம் என்று ஆயிற்று. அந்த நிலம் தோட்டக்காரர்களுக்கு ஏக்கர் ஐந்து ஷில்லிங் விலையில் விற்கப்பட்டது. வாங்கியவர்களில் அரசு அதிகாரிகளும் உண்டு.

காட்டை வெட்டினார்கள், எரித்தார்கள், நட்டார்கள். 1867இல் கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்தது. 1870இல் ஏற்றுமதி சுமார் 10 லட்சம் அந்தர். (ஒரு அந்தர் என்பது 112 பவுண்டு.) 1878 வாக்கில் காபி நிலம் சுமார் 2,75,000 ஏக்கர்.

செடியைத் தொட்ட கைகள்

இத்தனை செடிகளையும் யார் பார்த்துக்கொண்டார்கள்? பெரும்பாலும் மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்துக் கிராமத்துத் தமிழர்கள். கங்காணி முன்பணம் கொடுத்து ஊரிலிருந்து ஆள் சேர்ப்பார். ராமநாதபுரக் கரையிலிருந்து தோணியில் மன்னார்ப் பக்கம் இறங்குவார்கள். அங்கிருந்து மாத்தளை வரை காட்டுவழியில் நூறு மைலுக்கும் மேல் நடை. வழியில் காலரா, காய்ச்சல், பசி. மலைக்குப் போய்ச் சேராதவர்கள் ஏராளம்.

காபிக்கு வருஷம் முழுக்க ஒரே அளவு ஆள் தேவையில்லை. பழம் பறிக்கும் பருவத்தில்தான் கூட்டம் வேண்டும். அதனால் பலர் வந்து, பறித்து, கையில் மிஞ்சியதை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள். 1876-78இல் தாது வருஷப் பஞ்சம் வந்தபோது நிலைமை மாறியது. ஊரில் சோறில்லை. கடல் தாண்டியவர்களின் எண்ணிக்கை எகிறியது. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது மலையில் காபி ஏற்கனவே நோயில் விழுந்திருந்தது என்பதுதான் கொடுமை.

ஆரஞ்சுத் தூள்

1869இல் நோய் பிடித்த இலைகள் பேராதனைத் தாவரத் தோட்டத்தின் இயக்குநர் த்வைட்ஸ் கைக்கு வந்தன. அவர் அதை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பூஞ்சைகளில் பெரிய நிபுணரான பாதிரியார் பெர்க்லி அதற்கு 'ஹெமிலேயா வாஸ்டாட்ரிக்ஸ்' என்று பெயர் வைத்தார். வாஸ்டாட்ரிக்ஸ் என்றால் நாசக்காரி. தோட்டக்காரர்கள் பேச்சில் அது 'நாசக்கார எமிலி' ஆனது.

நோய் செய்வது இதுதான். இலையின் அடிப்புறத்தில் மஞ்சள் புள்ளி வரும். அது ஆரஞ்சுத் தூளாக மாறும். இலை உதிரும். செடி உடனே சாகாது. புது இலை விடும், அதுவும் உதிரும். இலை இல்லாத செடியில் பழம் எப்படி முற்றும்? வருஷா வருஷம் செடி மெலிந்துகொண்டே போகும்.

த்வைட்ஸ் ஆரம்பத்திலேயே எச்சரித்தார். கேட்டவர்கள் குறைவு. ஏன்? இங்கேதான் கணக்கு ஏமாற்றியது. 1870களில் உலகச் சந்தையில் காபி விலை ஏறிக்கொண்டிருந்தது. ஏக்கருக்கு விளைச்சல் குறைந்தாலும் கைக்கு வரும் பணம் குறையவில்லை. வரவுப் பக்கத்தில் விலை தந்த லாபம் விளைச்சலின் நஷ்டத்தை மறைத்துவிட்டது. தோட்டக்காரர்கள் நிறுத்துவதற்குப் பதிலாக இன்னும் காட்டை வெட்டி இன்னும் நட்டார்கள். 2,75,000 ஏக்கர் என்ற உச்சம், நோய் வந்து ஒன்பது வருஷம் கழித்து வந்தது!

1880இல் இங்கிலாந்திலிருந்து ஹாரி மார்ஷல் வார்டு என்ற இளம் விஞ்ஞானி வந்தார். இருபதுகளின் நடுவில் இருந்தவர். கிளிசரின் தடவிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டத்தில் வைத்து, காற்றில் பறந்துவரும் பூஞ்சை வித்துக்களைப் பிடித்துக் காட்டினார். ஈரமான இலையில் வித்து முளைத்து, இலையின் நுண்துளை வழியே உள்ளே போகிறது என்பதை நிரூபித்தார். மழை, மண், செடியின் பலவீனம் என்று பேசியவர்களுக்கு அது பதில்.

அவர் சொன்ன இன்னொன்று முக்கியமானது. மலை மலையாக, இடையில் வேறு மரமே இல்லாமல் ஒரே செடியை நட்டதுதான் பூஞ்சைக்குக் கிடைத்த விருந்து. எது சிக்கனம் என்று செய்யப்பட்டதோ, அதுவே நோய்க்குப் பாதை போட்டது. ஆனால் அவர் கையில் மருந்து இல்லை. கந்தகமும் சுண்ணாம்பும் ஏற்கனவே முயன்று பார்த்தாயிற்று. செப்பு சல்பேட்டும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை பிரான்சில் அறிவிக்கப்பட்டது 1885இல். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வங்கி விழுந்தது

1878 அக்டோபரில் ஸ்காட்லாந்தின் சிட்டி ஆஃப் கிளாஸ்கோ வங்கி மூழ்கியது. தோட்டக்காரர்களில் ஸ்காட்லாந்துக்காரர்கள் அதிகம். கடன் வரத்து சுருங்கியது. பிரேசில் காபி சந்தையில் குவிந்தது. விலை இறங்கியது. இத்தனை நாள் விலை மறைத்து வைத்திருந்த நஷ்டம் வெளியே வந்தது.

1884 மே மாதம் ஓரியண்டல் பாங்க் கார்ப்பரேஷன் கதவை மூடியது. இலங்கைத் தோட்டங்களை அடமானம் வாங்கிக்கொண்டு கடன் கொடுத்த வங்கி அது. இலை இல்லாத காபித் தோட்டத்தை அடமானமாக வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்த வங்கி வெளியிட்ட நோட்டுகள்தான் அப்போது இலங்கையில் பெருமளவில் புழங்கின. பீதியை அடக்க கவர்னர் ஆர்தர் கார்டன் அந்த நோட்டுகளுக்கு அரசு உத்தரவாதம் கொடுத்தார். அதே ஆண்டு சட்டம் கொண்டுவந்து, அரசே நோட்டு வெளியிடத் தொடங்கியது. ஒரு பூஞ்சை ஒரு நாட்டின் காகிதப் பணத்தையே மாற்றிவிட்டது.

நோட்டு வைத்திருந்தவருக்கு உத்தரவாதம் கிடைத்தது. கூலி பாக்கி இருந்தவருக்கு? திவாலான பல தோட்டங்களில் மாதக்கணக்கில் கூலி கொடுக்கப்படவில்லை. எஸ்டேட்டை விற்றால் கூலிக்காரரின் பாக்கிக்கே முதல் உரிமை என்று 1880களில் தனியாகச் சட்டம் போட வேண்டியிருந்தது. 

டீ வந்த கதை

இணையத்தில் அடிக்கடி ஒரு கதை வரும். இந்த நோய் வந்ததால்தான் ஆங்கிலேயர்கள் காபியை விட்டு டீக்கு மாறினார்கள் என்று. அது சரியல்ல. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே பிரிட்டனில் டீ காபியை முந்திவிட்டது. மாறியது குடிப்பவர்களின் நாக்கு அல்ல, இலங்கையின் மலை.

1867இலேயே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் டீ நட்டிருந்தார். காபி விழுந்ததும் முதலில் பலர் சிங்கோனாவுக்கு ஓடினார்கள். குயினைன் எடுக்கும் பட்டை அது. எல்லோரும் நட்டதால் அதன் விலையும் சரிந்தது. கடைசியில் டீ நிலைத்தது. 1890களின் நடுவில் டீ நிலம் 3 லட்சம் ஏக்கரைத் தொட்டது. பட்டுப்போன காபித் தண்டுகள் டீ மேஜைக்குக் கால் செய்ய இங்கிலாந்துக்குப் போயின என்றும் சொல்வார்கள்.

டீக்கு வருஷம் முழுக்கக் கொழுந்து பறிக்க வேண்டும். பருவத்துக்கு வந்துபோன குடும்பங்கள் லயங்களில் நிரந்தரமாகத் தங்கின. மலையகத் தமிழர் என்ற சமூகம் அப்படித்தான் வேரூன்றியது. அவர்களில் மிகப் பெரும்பாலோரின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் மறுத்தது. அவர்களில் எத்தனை பேரை எந்த நாடு எடுத்துக்கொள்வது என்று 1964இல் இரண்டு அரசுகள் எண்ணிக்கை பேசி ஒப்பந்தம் போட்டன. எஞ்சியிருந்தவர்களுக்கும் குடியுரிமை கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பூஞ்சை இன்னும் சாகவில்லை. 1970இல் பிரேசிலில் தெரிந்தது. 2012இல் மத்திய அமெரிக்காவை உலுக்கியது. குடகும் மைசூரும் இதே நோயைச் சந்தித்தன. ஆனால் அங்கே மர நிழலில் காபி வளர்த்தார்கள், தாங்கும் ரகங்களைத் தேடினார்கள். காபி பிழைத்தது.

இலங்கைக் காபியின் நஷ்டக் கணக்கில் எல்லாம் இருக்கிறது. ஏக்கர், அந்தர், அடமானம், வங்கி நோட்டு. மன்னாரிலிருந்து மாத்தளை வரை வழியில் விழுந்தவர்கள் மட்டும் எந்தப் பேரேட்டிலும் முழுதாக ஏறவில்லை. ஏக்கருக்கு 1,210 செடிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டு வளர்க்கப் புறப்பட்டவர்கள் அவர்கள்தான்.