முயலகன் முதல் மாத்திரை வரை: வலிப்புற்ற குழந்தையும் பெற்றோர் பொறுப்பும் – உவரிக் கடற்கரையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

வலிப்பு நோயின் வரலாறு பெரும்பாலும் மருந்துகளின் வரலாறாகவோ மருத்துவர்களின் வரலாறாகவோ எழுதப்பட்டு வருகிறது. நோயுற்ற குழந்தைக்கு நாள்தோறும் மருந்தூட்டி, அம்மருந்து செய்யும் நன்மையையும் தீமையையும் கண்காணிக்கும் பெற்றோர் அவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிது. திருநெல்வேலி மாவட்டக் கடற்கரைத் தலமாகிய உவரியைத் தொடக்கமாகக் கொண்டு, சைவ இலக்கியம், சித்த மருத்துவ மரபு, 19, 20ஆம் நூற்றாண்டு மருந்துகள், திருமணச் சட்டம் ஆகியவற்றின் வழியே பெற்றோரின் பொறுப்பு மாறிவந்த விதத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. தீர்வு வேண்டி நின்ற பெற்றோர் மருந்தின் காவலராக மாறியதே இந்நோய் வரலாற்றின் முதன்மைத் திருப்பம் என்பது இதன் கருதுகோள்.

குறிச்சொற்கள்: வலிப்பு, முயலகன், உவரி, பத்தியம், பக்கவிளைவு, பீனோபார்பிட்டால்

முன்னுரை

உவரி, திருநெல்வேலியிலிருந்து ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவில், திசையன்விளைக்கு அண்மையில் அமைந்த கடற்கரை ஊர். சுயம்புலிங்க சுவாமி கோயிலும் புனித அந்தோணியார் திருத்தலமும் இவ்வூரின் இரு பெரும் வழிபாட்டிடங்கள். கோயிலில் வேண்டுதல் உடையோர் ஓலைப்பெட்டியில் கடல்மண் சுமந்து கொட்டுவர். அந்தோணியார் தலத்தில் நோயுற்றோரும் பேய்பிடித்தோர் எனக் கருதப்படுவோரும் குடும்பத்தோடு பல நாள் தங்கி வேண்டுவர். இருவகை வழிபாட்டிலும் பொதுவாக இருப்பது ஒன்று: நோயாளி தனியே வருவதில்லை. குழந்தைக்கு நோய் எனில் தாயும் தந்தையுமே நேர்த்திக்கடனை ஏற்கின்றனர்.

இக்கடற்கரையில் இவ்வழக்கம் நெடிய வேர் உடையது. 1542இல் இந்தியா வந்து முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணியாற்றிய பிரான்சிஸ் சவேரியார், 1544 சனவரி 15ஆம் நாள் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், நோயுற்றோர் இல்லங்களிலிருந்து தமக்கு ஓயாது அழைப்பு வந்ததையும், எல்லா இடத்திற்கும் செல்ல இயலாமையால் மறைக்கல்வி கற்ற சிறுவர்களைத் தமக்கு மாற்றாக அனுப்பியதையும் குறிப்பிடுகிறார். நோய் வந்தவுடன் வீட்டார் வெளியிலிருந்து ஒருவரை அழைப்பதும், அவர் வந்து வேண்டி நலம் நாடுவதும் அன்றைய முறை. வலிப்பு நோய்க்கான இன்றைய மருத்துவம் இம்முறையினின்று அடிப்படையில் வேறுபடுகிறது. அவ்வேறுபாட்டை விளக்கத் தமிழ் இலக்கியம் காட்டும் பழைய சான்றிலிருந்து தொடங்குதல் தகும்.

கொல்லி மழவனின் மகள்

12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம், 7ஆம் நூற்றாண்டினராகிய திருஞானசம்பந்தரின் வரலாற்றில், வலிப்புற்ற பெண் ஒருத்தியின் நிகழ்ச்சியைக் கூறுகிறது. கொல்லி மழவன் என்னும் குறுநில மன்னனின் மகளை முயலகன் என்னும் நோய் பற்றியது. மருத்துவங்கள் பயன் தராத நிலையில், அவன் அவளைத் திருப்பாச்சிலாச்சிராமத்துக் கோயிலில் இறைவன் திருமுன் கிடத்தினான். இன்று திருவாசி எனப்படும் அவ்வூர் திருச்சிராப்பள்ளிக்கு அருகில் கொள்ளிடத்தின் வடகரையில் உள்ளது. அங்கு வந்த சம்பந்தர் பதிகம் பாட, அவள் நோய் நீங்கி எழுந்தாள் என்பது வரலாறு. அப்பதிகம் இப்பெண்ணை வருத்துவது இறைவனுக்குத் தகுமா என்று வினவும் போக்கில் அமைந்தது.

முயலகன் என்னும் சொல்லுக்கு வலிப்பு நோயின் ஒரு வகை என அகராதிகள் பொருள் தருகின்றன. ஆடவல்லானின் திருவடியின்கீழ்க் கிடக்கும் குறள் வடிவத்திற்கும் அதுவே பெயர். அவ்வடிவத்தின் வடமொழிப் பெயராகிய அபஸ்மாரம், ஆயுர்வேதத்தில் வலிப்பு நோயைச் சுட்டும். நினைவு இழத்தல் என்பது அதன் பொருள். திருவாசிக் கோயிலின் ஆடவல்லான் முயலகன்மேல் நில்லாது பாம்பின்மேல் நிற்பதற்கு, அந்நோய் நீக்கப்பட்டதே காரணம் எனத் தலமரபு கூறும்.

இந்நிகழ்ச்சியில் இரு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, தந்தை மருத்துவத்தைப் புறக்கணித்துவிட்டுக் கோயிலை நாடவில்லை. மருத்துவம் தோற்ற பின்னரே நாடினான். இரண்டாவது, நோய் நீங்கியவுடன் பெண்ணின் கதை முடிந்துவிடுகிறது. மறுநாள் என்ன நிகழ்ந்தது, நோய் மீண்டதா என்னும் வினாக்களுக்கு அங்கு இடமில்லை. தந்தையின் கடமை தீர்வை வேண்டி நிற்பது; தீர்வு வந்தவுடன் கடமையும் நிறைவுறுகிறது.

பத்தியம்: மருந்தின் தீமை குறித்த பழைய அறிவு

சித்த மருத்துவம் வலிப்பை வளியின் கேட்டால் வரும் நோய்களுள் அடக்கும். குமரகண்டம், அமரகண்டம், காக்கை வலிப்பு, முயலகன் முதலிய பெயர்கள் அம்மரபில் வழங்குகின்றன. குழந்தை மருத்துவம் கூறும் பாலவாகடம், மாந்தம், கணம் முதலிய நோய்களோடு தொடர்ந்து வரும் வலிப்பையும் பேசுகிறது. சுட்ட வசம்பை உரைத்துக் கொடுத்தல், கோரோசனை மாத்திரையைத் தாய்ப்பாலில் இழைத்துப் புகட்டுதல் ஆகியவை தென்மாவட்ட வீடுகளில் அண்மைக்காலம் வரை இயல்பான கைம்மருத்துவம்.

இம்மரபில் பெற்றோருக்கு உரிய இடம் பத்தியத்தில் வெளிப்படுகிறது. பால்குடிக் குழந்தைக்கு நோய் எனில் தாயே மருந்துண்டு, உப்பும் புளியும் நீக்கிப் பத்தியம் இருந்தாள். மருந்து தாயின் உடல் வழியே குழந்தையை அடையும் என்பது கருத்து. மருந்து நன்மை மட்டும் செய்வதன்று, முறை தவறினால் தீமையும் செய்யும், அத்தீமையைத் தடுப்பது வீட்டாரின் ஒழுக்கம் என்பதே பத்தியத்தின் உட்பொருள். பக்கவிளைவு என்னும் சொல் புதியது. அது சுட்டும் அச்சமும் பொறுப்பும் பழையன.

வலிப்பு வரும்போது கையில் சாவிக்கொத்து கொடுக்கும் வழக்கமும் இங்கு நினைக்கத்தக்கது. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமே அடங்கும். அடங்கும் வேளையில் கையில் இரும்பு இருப்பதால் இரும்பே அடக்கியதாகத் தோன்றுகிறது. தானே வந்து தானே போகும் நோயில் எது பயன் தந்தது என்று அறிவது கடினம். இக்கடினமே பின்வந்த மருந்துகளின் வரலாற்றிலும் தொடர்ந்தது.

மாத்திரை வந்த வரலாறு

1857இல் இலண்டனில் சார்லஸ் லோகாக் பொட்டாசியம் புரோமைடு வலிப்பைக் குறைத்ததைத் தெரிவித்தார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது பரவியது. உடன் மந்தமும் தோற்கொப்புளங்களும் வந்தன. 1912இல் செருமனியில் ஆல்பிரட் ஹாப்ட்மன், தூக்கத்திற்காகக் கொடுக்கப்பட்ட பீனோபார்பிட்டால் வலிப்பையும் குறைப்பதைக் கண்டறிந்தார். 1938இல் அமெரிக்காவில் ஹூஸ்டன் மெரிட், டிரேசி புட்னம் இருவரும் பெனிடாயினின் பயனை வெளியிட்டனர். அடுத்த ஆண்டே அது ஈறுகளை வீங்கச் செய்வது பதிவாயிற்று. வால்புரோயேட்டின் வலிப்படக்கும் ஆற்றல் 1960களில் பிரான்சில் தற்செயலாக அறியப்பட்டது. கார்டினால், எப்டாயின் முதலிய வணிகப் பெயர்களில் இவை தமிழக வீடுகளை அடைந்தன.

இம்மருந்துகள் நோயை வேரோடு களைவன அல்ல. உட்கொள்ளும் வரை வலிப்பைத் தடுப்பன. எனவே நாள் தவறாமல், பல ஆண்டுகள் கொடுக்க வேண்டும். பொதுவாக ஈராண்டுகள் வலிப்பின்றிக் கழிந்த பின்னரே, மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைப்பர். திடீரென நிறுத்தினால், அடங்காத தொடர்வலிப்பு வந்து உயிருக்கே கேடு நேரலாம். கொல்லி மழவன் கதையில் இல்லாத மறுநாள் இங்குத் தோன்றுகிறது. மருத்துவர் சில மாதங்களுக்கு ஒருமுறை குழந்தையைக் காண்கிறார். எஞ்சிய எல்லா நாளும் மருத்துவம் பெற்றோர் கையில்.

அப்பணி எளிதன்று. நீர்மமாக வரும் பெனிடாயின் அடியில் படியும் இயல்புடையது. குப்பியை நன்கு குலுக்காமல் ஊற்றினால் முதல் நாட்களில் மருந்து போதாது, கடைசி நாட்களில் மிகும். அளவைச் சிறிது உயர்த்தினாலும் இரத்தத்தில் அதன் செறிவு பெரிதும் ஏறிக் குழந்தை தள்ளாடக்கூடும். இந்தியக் குழந்தைகளின் மூளைப் படங்களில் காணப்பட்ட சிறு கட்டிகள் நெடுங்காலம் காசநோய்க் கட்டிகள் எனக் கருதப்பட்டன. அவற்றுள் பல நாடாப்புழுவின் இளவுயிரியால் ஆனவை என்பதை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வேதாந்தம் இராஜசேகர், மேத்யூ சாண்டி ஆகியோரின் ஆய்வுகள் 1990களின் தொடக்கத்தில் தெளிவுபடுத்தின. அதற்குமுன் வலிப்பு மருந்தோடு காசநோய் மருந்தும் உண்ட குழந்தைகள் உண்டு. காசநோய் மருந்தாகிய ஐசோனியசிட் பெனிடாயினின் செறிவைக் கூட்டுவதால், தள்ளாட்டம் நோயாலா மருந்தாலா என்னும் ஐயம் பெற்றோர் முன் நின்றது.

பெற்றோர் சொல்லும் ஆய்வுச் சான்றும்

குழந்தைகளுக்குப் பீனோபார்பிட்டால் தகுமா என்பது 1990களில் பெரும் விவாதம். 1990இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, காய்ச்சல் வலிப்புக்காக இம்மருந்து பெற்ற சிறு குழந்தைகளின் நுண்ணறிவு ஈவு, பெறாதோரினும் சராசரியாக 8.4 புள்ளி குறைந்திருந்ததைக் காட்டியது. 1996இல் வெளியான இங்கிலாந்து ஆய்வில், இம்மருந்து பெற்ற முதல் 10 குழந்தைகளுள் 6 பேருக்குப் பொறுக்க இயலாத பக்கவிளைவுகள் தோன்றவே, மேலும் எக்குழந்தைக்கும் அதை வழங்காது நிறுத்தினர். 1998இல் மேற்கு வங்க ஊரகத்தில் 94 குழந்தைகளிடம் தேப் பால் குழுவினர் நடத்திய ஆய்வோ, பெற்றோர் தெரிவித்த பக்கவிளைவுகளில் பீனோபார்பிட்டாலுக்கும் பெனிடாயினுக்கும் வேறுபாடு இல்லை என்றது.

இம்முரண் பொருள் பொதிந்தது. பீனோபார்பிட்டால் மிக மலிவான மருந்து. இது தகாது எனில் ஏழை நாடுகளின் பல குழந்தைகளுக்கு மருந்தே இல்லாமற் போகும். தகும் எனில், செல்வ நாடுகள் தம் குழந்தைகளுக்குக் கொடுக்கத் தயங்கியதை ஏழைக் குழந்தைகள் உண்கின்றனர். கர்நாடகத்தின் எளந்தூர் வட்டத்தில் கே. எஸ். மணி குழுவினர் நடத்தி 2001இல் வெளியிட்ட ஆய்வு, இவ்விரு மலிவான மருந்துகளால் ஊர்ப்புறத்திலேயே வலிப்பைக் கட்டுப்படுத்த இயலும் எனக் காட்டியது. ஆயினும் குழந்தையின் நடத்தை பற்றிய அளவுகோல் எங்கும் பெற்றோரின் சொல்லையே பெரிதும் சார்ந்தது. ஒரு வீட்டில் துடுக்கு எனப்படுவது மற்றொரு வீட்டில் சேட்டை. ஓரிடத்தில் சோர்வு எனப்படுவது மற்றோரிடத்தில் அடக்கம். வலிப்பு நின்ற மகிழ்ச்சியில் படிப்பின் மந்தத்தை விலையாக ஏற்கும் பெற்றோரும் உண்டு. மருந்துச் சூடு என அஞ்சி அளவைத் தாமே குறைப்போரும் உண்டு. மந்தம், சூடு என்னும் சொற்கள் பத்திய மரபிலிருந்து வந்தவை. பெற்றோர் புதிய மாத்திரையைப் பழைய அறிவால் அளந்தனர். அதனை அறியாமை எனத் தள்ளுவதினும், கேட்டறிய வேண்டிய சான்றாகக் கொள்வதே பொருத்தம்.

மறைத்தலும் வெளிப்படுதலும்

பெண் குழந்தையின் பெற்றோர்க்குப் பக்கவிளைவு வேறொரு பொருளும் உடையது. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தில், 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால், மீண்டும் மீண்டும் வரும் வலிப்பு திருமணத் தகுதியின்மைகளுள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. 1999ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை நீக்கியது. இடைப்பட்ட 23 ஆண்டுகளில் வலிப்பை மறைப்பதற்குச் சட்டமும் ஒரு காரணமாயிற்று. நோயை மறைக்கலாம், மருந்தின் அடையாளத்தை மறைத்தல் அரிது. பெனிடாயின் ஈறுகளை வீங்கச் செய்து, முகத்தில் முடி வளரச் செய்தது. வால்புரோயேட் உடலைப் பருக்கச் செய்து, தலைமுடியை உதிர்த்தது. நோயைக் காட்டாமல் வைத்த மாத்திரையே நோயைக் காட்டிக்கொடுத்தது.

மணமான பின் மறைவாக மருந்துண்ணல் கடினமாகி, நிறுத்தும் நிலை நேர்வதும் உண்டு. மேலும் வால்புரோயேட் கருவுக்குக் கேடு விளைப்பது. 1998இல் திருவனந்தபுரத்தில் ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் சஞ்சீவ் தாமஸ் தொடங்கிய கேரள வலிப்பு–கருவுறுதல் பதிவேடு இத்தகைய கேடுகளை ஆராய்கிறது. ஆகவே சிறுமிக்கு மருந்து தேர்வது அவளது மணவாழ்வையும் மகப்பேற்றையும் முன்னோக்கிச் செய்யும் முடிவாகிறது; மறைத்தல் இம்முடிவுக்குத் தடையாகிறது.

தலமும் மாத்திரையும்

மீண்டும் உவரிக்கு வருதல் தகும். திருத்தலத்தில் தங்குவதும் மாத்திரை உண்பதும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. ஆயினும் எத்தலத்திற்கும் பொதுவான வழிபாட்டொழுக்கங்கள் இரண்டு வலிப்புற்ற குழந்தைக்கு நேரடித் தொடர்புடையவை. இரவு கண்விழித்தல் வலிப்பைத் தூண்டவல்லது. நோன்பிருக்கும் நாளில் உணவோடு கொடுக்கும் மருந்து தவறலாம். மருந்தை நிறுத்துவதே நம்பிக்கையின் அடையாளம் எனக் கருதுவது எல்லாவற்றினும் கேடானது. மாறாக, பெற்றோரே நோன்பையும் விழிப்பையும் ஏற்றுக் குழந்தையை உறங்கவிடுதல், தாய் பத்தியமிருந்த பழைய முறைக்கு முரணானதன்று. அதன் தொடர்ச்சியே ஆகும்.

முடிவுரை

கொல்லி மழவன் தன் மகளுக்காக ஒருமுறை வேண்டினான். தீர்வு ஒரே கணத்தில் வந்தது. பத்திய மரபில் தாய் மருந்தின் தீமையைத் தன் உடலில் ஏற்றாள். 20ஆம் நூற்றாண்டின் மாத்திரை, நாள்தோறும் குழந்தைக்கு மருந்தூட்டவும், அதன் உடலிலும் மனத்திலும் படிப்பிலும் நிகழும் மாற்றத்தைக் காணவும், நன்மையையும் தீமையையும் சீர்தூக்கவும் பெற்றோரைப் பணித்தது. இப்பணியின் முடிவுகளையே மருத்துவ ஆய்வுகள் பக்கவிளைவு என எண்ணிக்கையில் பதிவு செய்கின்றன; எண்ணியவர் பெயர் அப்பதிவில் இல்லை. எனவே வலிப்பு மருந்துகளின் வரலாறு, அம்மருந்துகளை ஊட்டிய கைகளின் வரலாற்றையும் உட்கொள்ளும்போதே நிறைவுறும். வாய்மொழி வரலாறு, மருந்துச்சீட்டுகள், தலங்களில் எழுதி வைக்கப்படும் வேண்டுதல்கள் ஆகியவற்றைத் தொகுத்தாராய்தல் இத்துறையில் அடுத்துச் செய்யத்தக்க பணியாகும்.