வேலிக்கு எந்த நிறம்? தீபாவளிக்கு முன் கவனிக்க வேண்டியவை

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே தாமான்களில் சாய வாளிகள் வந்து இறங்கிவிடும். வரவேற்பறைக்கு என்ன நிறம் என்று குடும்பமே கூடிப் பேசும். வேலியின் முறை வரும்போது மட்டும், "போன முறை அடித்ததையே அடித்துவிடலாம்" என்று முடித்துவிடுகிறோம். ஆனால் வீட்டில் வெயிலையும் மழையையும் அதிகம் வாங்குவது வேலிதான். ஒரே ஆண்டில் சாயம் வெளிறுவதும் உரிவதும் பல வேளைகளில் சாயத்தின் குறையால் அல்ல. தேர்வில் நாம் செய்யும் தவறால்.

வேலிக்கான நிறத்தைக் கடையில் நின்று முடிவு செய்யக்கூடாது. வேலியின் முன் நின்றுதான் முடிவு செய்ய வேண்டும்.

வேலி எதனால் ஆனது?

நம் தரை வீடுகளில் பெரும்பாலும் கீழே இடுப்பளவு சிமெண்டுச் சுவரும் மேலே இரும்புக் கிரில்லும் இருக்கும். இரண்டுக்கும் ஒரே நிறம் இருக்கலாம். ஒரே சாயம் இருக்க முடியாது. சுவருக்கு வெளிப்புற எமல்ஷன் வேண்டும். இரும்புக்குத் துருவைச் சுரண்டி, துருத்தடுப்பு பிரைமர் பூசி, அதன் மேல் எனாமல் அடிக்க வேண்டும். விரும்பிய நிறம் இரண்டு வகையிலும் கிடைக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

துத்தநாகம் பூசிய இரும்புக்கு இன்னும் கவனம் தேவை. அதன்மீது எண்ணெய் வகை எனாமலை நேரடியாக அடித்தால், அது துத்தநாகத்தோடு வினைபுரிந்து நாளடைவில் தோல்போல உரிந்து வரும். இதற்கென்றே உள்ள பிரைமரைக் கேட்டு வாங்க வேண்டும்.

புதிதாகக் கட்டிய சுவர் என்றால் ஏறத்தாழ 28 நாள் காயவிடுங்கள். ஈரச் சிமெண்டின் காரத்தன்மை சில நிறமிகளைக் கெடுத்துத் திட்டுத் திட்டாக வெளிறச் செய்யும். காரத்தைத் தாங்கும் சீலர் ஒரு பூச்சு அடித்த பிறகே நிறம் பூச வேண்டும்.

வெயிலைத் தாங்கும் நிறங்கள்

சாயத்துக்கு நிறம் தருவது அதிலுள்ள நிறமி. எல்லா நிறமிகளும் வெயிலை ஒரே மாதிரி தாங்குவதில்லை. மண்ணிலிருந்து வரும் இரும்பு ஆக்ஸைடு நிறமிகள் தரும் செங்காவி, மண்மஞ்சள், பழுப்பு ஆகியவை நீண்ட நாள் நிற்கும். கோயில் மதிலின் காவிக்கும் மரபு வழியில் இதுவே அடிப்படை. கரி நிறமி தரும் கறுப்பு, டைட்டானியம் டையாக்ஸைடு தரும் வெள்ளை ஆகியவையும் உறுதியானவை. கண்ணைப் பறிக்கும் சிவப்பு, இளஞ்சிவப்பு, ஊதா ஆகியவற்றில் பல வகைகள் விரைவில் வெளிறும். மேற்கு வெயில் நேராக விழும் வேலிக்கு அவற்றைத் தவிர்ப்பது நல்லது.

ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு குணம்

வெள்ளை வேலி வீட்டை விசாலமாகக் காட்டும், சூட்டையும் குறைவாக ஏற்கும். ஆனால் மழைக்குப் பின் வழியும் துருக்கறை, பாசி, சுவரின் அடியில் தெறிக்கும் செம்மண் எல்லாம் அதில் அப்படியே தெரியும். வெள்ளைதான் வேண்டும் என்றால், சுவரின் அடியில் ஓர் அடி உயரத்துக்கு மட்டும் செங்காவியோ அடர்சாம்பலோ பூசிவிடுங்கள். பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

கருஞ்சாம்பல் இப்போது புதிய தாமான்களில் எங்கும் காணப்படுகிறது. இரும்புக் கிரில்லுக்கு அது பொருந்தும். துருக்கறை எளிதில் கண்ணில் படாது. ஆனால் நண்பகலில் அடர்நிற இரும்பு கைவைக்க முடியாத அளவு சுடும். அதில் படரும் இளங்கொடிகள் கருகலாம். குழந்தைகள் பிடித்துக்கொண்டு நிற்கும் கேட்டாக இருந்தால் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள்.

பச்சை பலருக்கும் பிடித்த நிறம். ஆனால் வேலியோரம் கறிவேப்பிலையும் முருங்கையும் இருந்தால், இலையின் பச்சைக்கும் சாயத்தின் பச்சைக்கும் ஒத்துவராமல் போகக்கூடும். செடி எடுப்பாகத் தெரிய வேண்டுமானால் பின்னணி அடங்கியிருக்க வேண்டும். செம்பருத்திக்கும் காகிதப்பூவுக்கும் சாம்பல், மங்கிய வெள்ளை அல்லது கறுமை கலந்த பச்சை பொருந்தும்.

வேலிக்கெனத் தனியாக ஒரு நிறம் தேடவும் வேண்டியதில்லை. கூரை ஓடு, சன்னல் சட்டம், தரைக்கல் ஆகியவற்றில் ஏற்கெனவே உள்ள ஒரு நிறத்தை எடுத்து வேலிக்குக் கொடுத்தால் வீடும் வேலியும் ஒன்றாகத் தெரியும்.

பழைய சாயத்தில் ஈயம்

இது அழகு பற்றிய விஷயம் அல்ல. எண்ணெய் வகைச் சாயங்களில், குறிப்பாகப் பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில், ஈயம் கலந்த நிறமிகள் உலகெங்கும் நீண்ட காலம் பயன்பட்டு வந்துள்ளன. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அதற்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சாயத்தில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்பதே அனைத்துலகப் பரிந்துரை.

எனவே எனாமல் வாங்கும்போது, ஈயம் சேர்க்காதது என்ற குறிப்பு வாளியில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய சாயத்தை உலர்ந்த நிலையில் தேய்க்கவோ நெருப்பால் சுட்டு எடுக்கவோ வேண்டாம். நீர் தெளித்து ஈரமாகத் தேயுங்கள். முகக்கவசம் அணிந்து, தரையில் பிளாஸ்டிக் விரித்து, உதிர்ந்ததைக் கட்டி அப்புறப்படுத்துங்கள். வேலை முடியும்வரை பிள்ளைகள் அந்தப் பக்கம் வரக்கூடாது.

அட்டையில் ஒன்று, வேலியில் ஒன்று

நிற அட்டையில் விரல் அகலத்தில் பார்க்கும் நிறம், வெளிவெளிச்சத்தில் பெரிய பரப்பில் இன்னும் வெளுப்பாகவும் பளிச்சென்றும் தெரியும். பிடித்த நிறத்தைவிட ஒரு படி அடர்ந்ததைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் சரியாக அமையும். சிறு டின் வாங்கி, ஒரு பலகையில் இரண்டு பூச்சு அடித்து, வேலியில் சாய்த்து வையுங்கள். காலை, நண்பகல், தெருவிளக்கு எரியும் நேரம் என மூன்று வேளையும் பாருங்கள். முடிவான நிறத்தின் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஒட்டுப்போட உதவும்.

பக்கத்து வீட்டையும் கேளுங்கள்

இரு வீட்டுக்கும் நடுவிலுள்ள வேலியை நாம் பார்ப்பதைப் போலவே அவர்களும் தினமும் பார்க்கிறார்கள். தொடங்குவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஸ்பிரே அடித்தால் துளிகள் காற்றில் பறந்து அவர்களின் காரில் படியும். அன்று காரை வேறிடத்தில் நிறுத்தச் சொல்வது நம் பொறுப்பு. தூரிகையும் ரோலரும் இன்னும் பாதுகாப்பு.

ஸ்திராதா உரிமை கொண்ட குடியிருப்பு என்றால், வெளிப்புறத் தோற்றத்தையும் நிறத்தையும் மாற்ற நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். 2015-ஆம் ஆண்டு ஸ்திராதா நிர்வாக விதிமுறைகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. பூசிய பின் மாற்றச் சொன்னால் செலவு இரட்டிப்பாகும்.

எவ்வளவு, எப்போது?

6 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் உயரம் உள்ள சுவரின் ஒரு பக்கம் 7.2 சதுர மீட்டர். இரு பக்கமும், இரு பூச்சும் சேர்த்தால் 28.8 சதுர மீட்டர். ஒரு லிட்டர் சுமார் 10 சதுர மீட்டருக்கு வரும் என்று வைத்தால் 3 லிட்டர் போதும். தேவையான மொத்தத்தையும் ஒரே நேரத்தில் வாங்குங்கள். பிறகு கலக்கும் வாளியில் நிறம் சற்று மாறலாம்.

தீபாவளி வரும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மேற்குக் கரையில் பிற்பகல் இடிமழை வழக்கம். பனி காய்ந்த பின் காலையில் தொடங்கி, நண்பகலுக்குள் முடித்துவிடுவதே நல்லது. மழை பெய்த மறுநாள், சுவர் முழுதாகக் காயும்வரை தூரிகையைத் தொட வேண்டாம். பண்டிகைக்கு முந்தைய வாரத்துக்குத் தள்ளிப்போடாமல், மூன்று வாரம் முன்பே வேலையைத் தொடங்குங்கள். மழை இரண்டு மூன்று நாளை எடுத்துக்கொண்டாலும், விளக்கேற்றும் நாளில் வேலி காய்ந்திருக்கும்.